உடைங்காட்டில் ஒரு ரயில்வே ஸ்டேஷன்

நான் வந்த கப்பல் தூத்துக்குடிக் கரையைத் தொடவே இல்லை. ஆழம் போதாதென்று எங்கேயோ கடலில் நின்றுகொண்டு எங்களைப் படகில் இறக்கிவிட்டது. கொழும்பில் அலைதாங்கிச் சுவர் உண்டு. துறைமுகத்துக்குள் படகு ஆடாமல் போகும். இங்கே ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கியதில், அக்காளுக்கென்று வாங்கி வந்த பாண் ரொட்டிப் பொட்டலம் நனைந்து கூழாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், துடுப்புப் போட்டவர் சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டார்.

"புது டேசன்ல எடம் பிடிக்க வாரியளா?"

"எந்த ஸ்டேஷன்?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்டிய! மின்னல் வண்டி வருதுல்லா? மெட்ராசுல ராத்திரிச் சோறு தின்னுட்டு ஏறுனா, இங்கன வந்து காலைக் காப்பி குடிக்கலாமாம். அதுக்குப் பழைய டேசன் பத்தாதுன்னு புதுக்கோட்டை ரோட்டுல புதுசாக் கட்டுதாவ."

வெள்ளைக்காரன் போய் நம்முடைய சர்க்கார் வந்த புதிது. எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பினார்கள். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. ஏனென்றால் நான் கடல் கடந்து வந்ததே அந்த ஸ்டேஷனால்தான்.

என் தகப்பனார் தூத்துக்குடி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடையை விட்டுப் போனார். அது எனக்கும் என் அக்காள் செல்லக்கனிக்கும் பொது. நான் கொழும்பு புறக்கோட்டையில் ஆணியும் கீலும் விற்றுப் பிழைக்கிறேன். அக்காளுக்குப் பிள்ளை இல்லை, அத்தானும் காலமாகிவிட்டார். அந்தக் கடை ஒன்றுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அதை ஒரு பஞ்சு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு, திருநெல்வேலி போகிற புதுக்கோட்டை ரோட்டில் அவருக்கு இருக்கிற, உடைமுள் மண்டிய உடைங்காட்டை வாங்கப்போகிறாளாம். என் கையெழுத்து இல்லாமல் நடக்காது, வந்து போட்டுவிட்டுப் போ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். போட மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். அதையும் ஆள் மூலமே சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் அக்காள் நேரில் சொன்னாலே கேட்கிறவள் இல்லை.

கடையில் நுழைந்ததும் கல்லாவில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான். அத்தானுடைய தம்பி. அத்தான் போனபோது, பொம்பிளை முன்னால் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்லிக் கல்லாவில் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை. அக்காள் அடுப்படிச் சுவருக்குப் பின்னால் இருந்தாள். "தம்பி வந்துட்டானா? மொதல்ல இலையப் போடுங்க" என்று அவள் குரல் மட்டும் வந்தது. நான் இந்தக் கடைக்கு எப்போது வந்தாலும் முதலில் வருவது அந்தக் குரல்தான்.

ரேஷன் அரிசியில் பாதி கல். கல்லைப் பொறுக்கினால் சோறு மிஞ்சாது, பொறுக்காவிட்டால் பல் மிஞ்சாது. ஆனால் சாளை மீன் குழம்பைக் குறை சொல்ல முடியவில்லை. கொழும்பில் தேங்காய்ப்பாலை ஊற்றி மீனைச் சாந்தப்படுத்திவிடுவார்கள். இங்கே புளியும் மிளகாயும் அதைச் சும்மா விடுவதில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"ஸ்டேஷன் வரப்போகிறது என்று எவன் சொன்னான்?" என்று சுடலைமுத்துவைக் கேட்டேன்.

"ஊரே சொல்லுது மச்சான்."

"ஊருக்கு எவன் சொன்னான்?"

"கொடி நட்டிருக்கான்லா!" என்றான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல.

இந்தக் கொடி விஷயத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முத்துக் குளிப்புக்கு இந்தக் கரையில் சலாபம் என்று பெயர். கடலுக்கடியில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று சர்க்கார் ஆட்கள் பார்ப்பார்கள். விளைந்த இடத்தில் மிதவை போட்டுக் கொடி கட்டுவார்கள். அந்தச் செய்தி கரைக்கு வந்ததும் வெறும் மணலில் ஒரு பட்டணமே முளைக்கும். ஓலைக் கொட்டகைகள், கடைத்தெரு, தட்டார், நாவிதர், காப்பிக் கடை எல்லாம் வந்துவிடும். கொடியை எடுத்துவிட்டால் அன்றைக்கே பட்டணமும் கலைந்துவிடும். ஏன் நட்டாய், ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் நல்ல இடம் போய்விடும்.

சலாபம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. சிப்பி விளையவில்லை. கடலில் கொடி ஏறாதா என்று காத்துக் காத்துச் சலித்துப்போன ஜனங்களின் கண்ணில், ஒருநாள் உடைமரங்களுக்கு நடுவில் வரிசையாகச் சிவப்புக் கொடிகள் பட்டுவிட்டன. ரயில் வதந்தி ஏற்கனவே காற்றில் இருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"நீ போயி எடத்தப் பாத்துட்டு வந்து பேசு" என்றாள் அக்காள், சுவருக்குப் பின்னாலிருந்தே.

மறுநாள் காலை ஒரு ஜட்கா பிடித்துப் போனேன். இடத்தைச் சொன்னதும் வண்டிக்காரர் வேறெதுவும் கேட்காமலே ஏற்றிக்கொண்டார், பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உப்பளங்களைத் தாண்டி, ரோடு என்று பெயர் வைத்த குழிகளில் விழுந்து எழுந்து போனோம். ஒரு குழியில் என் தலை வண்டிக் கூண்டில் இடித்தது. "புது டேசன் வந்தா ரோடும் போட்டுருவாவ" என்று ஆறுதல் சொன்னார்.

போய் இறங்கினால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஊர் இருந்தது. தெருத் தெருவாக ஓலைக் கொட்டகைகள். காப்பிக் கடை, பீடிக் கடை, துணிக் கடை, கிளி ஜோசியர். கடலோரத்து ஆள் ஒருவர் மாதா சொரூபம் வைக்கக் கெபி கட்டக் கல் இறக்கியிருந்தார். மண்ணைக் குவித்து நீளமாக ஒரு மேடு போட்டு, அதற்குப் பிளாட்பாரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு கூலிகள் அதன்மேல் உட்கார்ந்து யார் எந்தப் பெட்டிக்குப் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் மட்டும் இல்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் வந்தது, பிறகு டிராம் வந்தது, பிறகு கடைகள் வந்தன. இங்கே எல்லாம் வந்துவிட்டது, ரயிலைத் தவிர.

காயல்பட்டணத்துத் துணி வியாபாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அண்ணன் என்ற மரியாதையில் எல்லாரும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். கிண்ணத்தில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொடுத்தார். கொழும்பில் தின்கிற அதே ருசி. இந்தப் பயணத்தில் நான் முணுமுணுக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

"பஸ்ட் கிளாஸ் பெட்டி நேரா நம்ம கடை வாசல்லதான் நிக்கும் தம்பி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பழைய டேசன்ல நிக்கிற வண்டியக் காலடியால அளந்தேன். இங்கன வந்து அதே கணக்குக்கு நடந்து பாத்துக் கடையப் போட்டுட்டேன்."

"எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும்?"

காக்கா கொஞ்சம் யோசித்தார். "அதுலதான் ஒரு தகராறு" என்று தெருவின் மறுகோடியைக் காட்டினார். அங்கே ஒரு மிட்டாய்க் கடைக்காரர், எஞ்சின் இந்தப் பக்கம் வரும் என்று முடிவு கட்டி, அதே முதல் வகுப்புக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். வராத வண்டியின் எஞ்சினுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆணி விற்கிறவனுக்கு எங்கே போனாலும் கண் ஆணியைத்தான் தேடும். அத்தனை கொட்டகைகளிலும் ஓர் ஆணி இல்லை. எல்லாம் பனைநார்க் கட்டு. ஒரு முடிச்சை இழுத்தால் கடை கீழே வந்துவிடும். நிரந்தரமாகக் குடியேற வந்திருக்கிறோம் என்று வாய் சொன்னது. கை பழக்கப்படி ஓடுவதற்கும் வழி வைத்திருந்தது. ரோட்டோரம் ஒரே ஒரு கொட்டகை மட்டும் வேறு மாதிரி இருந்தது. மரச்சட்டம், ஆணி, கதவுக்குக் கீல். பக்கத்திலேயே ஒரு கிணறு. இறைத்துக் குடித்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கவில்லை.

"இது யாருடையது?"

"செல்லக்கனியக்கா எடம்லா? பத்திரம் முடியட்டும், அப்புறந்தான் அடுப்பு மூட்டுவேன்னு சொல்லியிருக்காவ" என்றார் காக்கா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்றவர்களாவது அரைப் பைத்தியம். அவர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். என் அக்காள் ஆணி அடித்திருந்தாள்.

திரும்பிப் போகலாம் என்று வந்தால், ஜட்காக்காரர் குதிரையை அவிழ்த்துப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே நம்ம ஸ்டாண்டு இதுதான். நான் அசைஞ்சா அடுத்த வண்டிக்காரன் எடத்தப் பிடிச்சிருவான். நீங்க வேற வண்டி பாருங்க" என்றார்.

வேறு வண்டிகளும் அப்படியே அவிழ்த்துக் கிடந்தன. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் வராத பயணிகளுக்காகப் புல் தின்றன; வந்த பயணி ஒருவன் மட்டும் வெயிலில் நடந்து ஊர் திரும்பினான். உப்பளக் காற்று முகத்தில் அறைந்தது. கொழும்பில் டிராம்காரனை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அடுத்த நாள் பழைய ஸ்டேஷனுக்குப் போய் ஸ்டேஷன் மாஸ்டரையே பிடித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். விசிறியால் வீசிக்கொண்டே பேசினார்.

"புது ஸ்டேஷனா? என்னைக் கேட்டா? இருக்கற வண்டியை நேரத்துக்கு அனுப்பறதுக்கே நான் படாத பாடு படறேன் ஸார். மின்னல் வண்டியாம், இடி வண்டியாம்! எங்க ஆள் யாரும் அங்கே கொடி நடலை. ஒரு தகவலும் கிடையாது."

அப்பாடா, இந்த ஊரில் புத்தியுள்ளவர் ஒருவர் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு ஆத்துக்காரி பேர்ல அங்கே ஒரு சின்ன எடம் சொல்லி வச்சிருக்கேன். ரோட்டுப் பக்கமா, ஸ்டேஷன் பக்கமா, எது நல்லது? நீங்க பார்த்துட்டு வந்தேளே!"

விடுவிடுவென்று படியிறங்கினேன்.

மத்தியானப் பந்தி முடிந்து சுடலைமுத்து தூங்கப் போன பிறகு, கொல்லைப்புறத்தில் அக்காளைப் பிடித்து உட்காரவைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். "அவ்வளவு பெரிய ஸ்டேஷன் வருமென்றால் அந்தப் பஞ்சு வியாபாரி ஏன் தன் காட்டை உனக்குக் கொடுக்கிறார்? அவர் உன்னைவிட ஏமாளியா?" என்று கத்தினேன். அவள் பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டேசன் வந்தா வரட்டும், வராட்டிப் போட்டும். நீ கையெழுத்தப் போடு."

"வராவிட்டால் என்ன செய்வாய்? உடைமுள்ளைத் தின்பாயா?"

"நீ போடுவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

அவள் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வந்த காப்பியில் கருப்பட்டி இல்லை.

கொழும்புக்குத் திரும்புவதற்கு முன்தினம் ஒரு மாட்டுவண்டி பிடித்து, அக்காளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்த உடைங்காட்டுக்குப் போனேன். அந்த ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தையாவது வண்டியில் ஏற்றிவிடலாம் என்பது என் எண்ணம். அவள் மறுக்காமல் வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. காக்கி டிரவுசர் போட்ட ஓவர்சீயர் ஒருவரும் நாலைந்து ஆட்களும் இறங்கினார்கள். இறங்கினவர்கள் கொடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி லாரியில் போட்டார்கள்.

நான் ஓடிப்போய், "நீங்கள் ரயில்வேக்காரர்களா?" என்று ஓவர்சீயரைக் கேட்டேன்.

"ரயில்வேயா? நாங்க தண்ணிக் குழாய் போட அளந்தோம் சார். இந்தப் பக்கம் மேடாப் போச்சு. குழாய் வேற வழியாப் போகுது" என்றார்.

ரயில் வரும் என்று நினைத்த இடத்துக்குத் தண்ணீர்க் குழாய்கூட வரப்போவதில்லை. இதை எல்லாரிடமும் சத்தம் போட்டுச் சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவர்களுக்குக் குழாயும் தெரிய வேண்டாம், மேடும் தெரிய வேண்டாம். கொடியை எடுத்துவிட்டான்; அது போதும். நாலு திசையிலும் பனைநார் முடிச்சுகள் அவிழ்ந்தன. காப்பிக் கடை படுத்தது. கிளி ஜோசியர் கூண்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். காக்காவும் மிட்டாய்க் கடைக்காரரும் எஞ்சின் தகராறை மறந்து ஒரே மாட்டுவண்டியில் சாமான் ஏற்றினார்கள். ஜட்காக்காரர்கள் குதிரையைப் பூட்டினார்கள். வந்த நாள் முதல் நான் எதைச் செய்யுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அதை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செய்தார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்; எரிச்சல்தான் வந்தது.

செய்தி கேட்டுச் சுடலைமுத்து சைக்கிளில் வந்து குதித்தான். "நல்லவேளை மச்சான், நீங்க கையெழுத்துப் போடல! மதினி, வாங்க, கடைக்குப் போவோம். ராத்திரிப் பந்திக்கு நேரமாச்சு" என்றான்.

பின்னாலேயே பஞ்சு வியாபாரியும் வந்துவிட்டார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் நிதானமாக, "எனக்கு எந்தக் காலத்துலயும் புது டேசன் நம்பிக்கை கெடையாது தம்பி. பழைய டேசன் பக்கத்துல பஞ்சு அடைக்க எனக்கு ஒரு எடம் வேணும். அதான் கேட்டேன். அக்காவுக்கு இப்பவும் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார்.

"இப்போது எப்படிச் சம்மதிப்பாள்?" என்றேன்.

அக்காள் தன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் ஊர் சரிந்துகொண்டிருந்தது. ஆணி அடித்தது மட்டும் நின்றது.

"ஏலே தம்பி, டேசன் வரும்னு நான் எப்பம்லே சொன்னேன்? நீங்கள்லாம்தான் சொல்லுதிய" என்றாள். "அது வரும்னு ஊரு நம்புனதால, நான் எடம் மாறுதேன்னு சொன்னப்ப எவனும் ஏன்னு கேக்கல. இந்தா நிக்கானே, இவன்கூடக் கேக்கல. அங்கன கல்லாவுல இவன் உக்காந்துட்டான். இவன எழுப்புனா ஊரு என்னைத்தான் பேசும். செத்தாலும் நான் அந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் கெடக்கணும். இங்கன எவனும் இன்னும் உக்காரலலே."

சுடலைமுத்து தலையைக் குனிந்து சைக்கிள் மணியைத் தடவினான்.

"ரெயிலு வரல, சரி. கொழா வரல, சரி. ரோட்ட எவனும் பிடுங்கல. கெணத்துத் தண்ணி நல்லாருக்கு. கொடி நின்னப்ப நீ போட மாட்டேன்னுட்ட. இப்பம் கொடியும் இல்ல. இனிமேயாவது போடு."

நான் சொன்ன அத்தனையும் சரி என்று ஊரே இடிந்து விழுந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் என் நினைவு அந்த அடுப்படிச் சுவருக்குத்தான் போயிற்று. இத்தனை வருஷமாக இந்தக் கடையில் மீன் குழம்பைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறேனே, சுவருக்குப் பின்னால் எவ்வளவு வெக்கை இருக்கும் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பஞ்சு வியாபாரி மடியிலிருந்து எடுத்து நீட்டிய பத்திரத்தில், சுடலைமுத்துவின் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்தைப் போட்டேன். பேனா கசிந்து சட்டை பாழாகிவிட்டது. அதற்கும் சேர்த்துச் சுடலைமுத்துவைத் திட்டினேன்.

அக்காள் அங்கேயே அடுப்பை மூட்டினாள். கேப்பைக் கூழும் வறுத்த கருவாடும்தான் செய்ய முடிந்தது. மூட்டை கட்டிக் களைத்துப்போன காக்காவும் மிட்டாய்க்காரரும் கூலிகளும் ஜட்காக்காரர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கொடி பார்த்து வந்த ஊர், அவள் கையால் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது.

மறுநாள் கப்பலுக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தேன். ஒரு மனிதன் இல்லை. மண் மேடும் நார்த் துண்டுகளும் ஆடு மேய்ந்த தடமும் மட்டும் கிடந்தன. கொட்டகையின் முகப்பில் ஒரு பழைய மேசையைப் போட்டு, அதன்பின் அக்காள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவளை இந்த முள்ளுக்காட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே, இங்கே எவன் வந்து சாப்பிடப்போகிறான் என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது திருநெல்வேலியிலிருந்து வருகிற பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் அது நிற்பதில்லை. நிற்க ஒரு காரணமும் இல்லை.

அக்காள் எழுந்து நடு ரோட்டுக்கே போனாள். கையை நீட்டி, நான் பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், "ஏலே, நிப்பாட்டுலே!" என்றாள்.

பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, கொட்டகையின் அடுப்புப் புகையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான்.